தன் உடம்பில் ஊசி போட்டு சோதித்த விஞ்ஞானி

மும்பை பரேலில், கே.இ.எம். ஆஸ்பத்திரியும் டாடா ஆஸ்பத்திரியும் உள்ள வட்டாரத்தில் "ஹாப்கின் நிறுவனம்" இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியாக வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர், பிளேக் நோயில் இருந்து பம்பாய் மக்களைக் காக்கப் பாடுபட்டவர். பிறகு, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தவர்.

மதம் மாற மறுத்தார்

வால்டெமார் ஹாப்கின் 1860-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி, அன்றைய ரஷியப் பேரரசில் இருந்த ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மெச்னிக்கோவ் என்ற பேராசிரியரிடம் படித்தார். கிருமிகளை விழுங்கும் அணுக்கள் உடம்பில் உண்டு என்று கண்டுபிடித்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் மெச்னிக்கோவ்.

மதம் மாறினால்தான் பேராசிரியர் ஆகலாம் என்ற நிலை. ஹாப்கின் மறுத்துவிட்டார். 1888-ல் நாட்டை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு, பாரீசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது உதவி நூலகர் வேலைதான். ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தார்.

காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்து, 1892-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி தன் உடம்பிலேயே ஊசி போட்டுக் கொண்டார். 1893-ல் கல்கத்தாவுக்கு வந்து, குடிசைப் பகுதிகளில் காலரா ஊசி போட்டார்.

ஒரு அறை, ஒரு குமாஸ்தா

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அக்டோபரில் ஹாப்கின் வந்து சேர்ந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறை கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தா, 3 பியூன்கள். அவ்வளவுதான்!

மூன்றே மாதத்தில் மருந்து தயாரானது. பிளேக் கிருமியை வளர்த்து, சூடேற்றிக் கொன்று, அதையே மருந்தாக்கினார். 1897-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, முதல் ஊசியைத் தனக்கே போட்டுக் கொண்டார். காய்ச்சல் வந்தது, உயிருக்கு ஆபத்து இல்லை.

அந்த மாதமே பைகுல்லா சிறையில், முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு பிளேக் வந்து 6 பேர் இறந்தார்கள். ஊசி போட்டவர்களில் 2 பேருக்கே வந்தது, ஒருவரும் இறக்கவில்லை.

உடம்புக்குள் நடப்பது என்ன?

செத்த கிருமி எப்படி உயிரைக் காக்கிறது? ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் "பி" அணு, "டி" அணு என்று இரண்டு வகை உண்டு. இரண்டுமே எலும்பு மஜ்ஜையில் தோன்றுபவை. "டி" அணு மட்டும், நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் பக்குவம் அடைகிறது.

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போல, ஒவ்வொரு "பி" அணுவும் ஒரு அடையாளத்தை மட்டுமே கண்டுகொள்ளும். ஊசி வழியாக வந்த கிருமியின் அடையாளம் பொருந்தியதும், உதவி "டி" அணு அதற்குத் தூண்டுதல் கொடுக்கிறது. உடனே அந்த "பி" அணு பல்கிப் பெருகி, கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. இன்னொரு வகை "டி" அணு உண்டு. வைரஸ் போன்றவை புகுந்த நம் உடம்பின் அணுக்களையே அது அழித்துவிடும்.

இந்தப் படை திரள ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பிளேக் அதற்குள் ஆளையே கொன்றுவிடும்! ஊசி போட்டவர் உடம்பிலோ படை முன்பே தயார். சண்டை முடிந்த பிறகும் சில அணுக்கள் அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும். ஹாப்கின் காலத்தில் "பி", "டி" அணுக்களைப் பற்றி எவருக்கும் தெரியாது. 1960-களில்தான் விஞ்ஞானிகள் அவற்றைப் பிரித்து அறிந்தார்கள்.

வீண் பழி

1902-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தார்கள். மருந்து, பரேல் ஆய்வுக்கூடத்தில் தயாரானது. விசாரணைக் குழு, ஹாப்கின் மீது பழி சுமத்தியது. அவருக்குச் சம்பளம் இல்லாத விடுப்பு கொடுத்தார்கள். 1904-ல் அவர் இந்தியாவை விட்டுப் போனார்.

ஆனால் இறந்த 19 பேருக்கும் ஒரே குப்பியில் இருந்துதான் ஊசி போடப்பட்டிருந்தது. கிராமத்தில் அந்தக் குப்பியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதும் வெளிவந்தன. மலேரியா ஆராய்ச்சியில் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் உள்பட 10 விஞ்ஞானிகள், 1907-ல் ஹாப்கினுக்காகப் பத்திரிகையில் எழுதினார்கள். அந்த ஆண்டே அவர் மீதான பழி நீங்கியது.

மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் தான் உருவாக்கிய பம்பாய் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப முடியவில்லை. கல்கத்தாவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஐரோப்பா போனார். 1925-ல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் உள்ள லோசான் நகரில் ஹாப்கின் இறந்தார். அவருக்கு வயது 70. திருமணம் செய்து கொள்ளவில்லை.

1964-ல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.