பிரதமர் மாற்றப்படுவாரா? சர்ச்சில் வாழ்வில் மூன்று முறை எழுந்த கேள்வி

பெங்களூரின் கிழக்கே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்துள்ள வைட்ஃபீல்ட், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த சிறிய வேளாண் குடியிருப்பு. மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 1882-இல் வழங்கிய 3,900 ஏக்கர் நிலத்தில் உருவானது அது. அங்கிருந்த வேவர்லி விடுதிக்குப் பெங்களூர் ராணுவக் குடியிருப்பிலிருந்து ஓர் இளம் குதிரைப்படை அதிகாரி அடிக்கடி வந்து சென்றார் என்றும், விடுதி உரிமையாளரின் மகள் மீது அவருக்கு ஈடுபாடு இருந்தது என்றும் அவ்வூரில் தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. இதற்கு ஆவணச் சான்று ஏதுமில்லை.

அந்த அதிகாரியின் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். பின்னாளில் இருமுறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். தடுமாறும் பிரதமர் நீடிப்பாரா, மாற்றப்படுவாரா என்ற ஊகம் அவரது வாழ்வில் மூன்று முறை உச்சத்தை எட்டியது. முதல் முறை அதனால் அவர் பதவிக்கு வந்தார். இரண்டாவது முறை அதிலிருந்து தப்பினார். மூன்றாவது முறை அதை ஏறத்தாழ இரண்டாண்டுகள் தள்ளிப்போட்டார்.

தந்தையின் வீழ்ச்சி:

1874 நவம்பர் 30-இல் பிளெனிம் மாளிகையில் பிறந்த சர்ச்சிலின் தந்தை ராண்டால்ஃப் சர்ச்சில், இந்தியாவுக்கான அமைச்சராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவர். வருங்காலப் பிரதமர் என்று பேசப்பட்டவர். தமது நிதித் திட்டத்தை ஏற்கச் செய்வதற்காக 1886 டிசம்பரில் அவர் ராஜிநாமா கடிதம் கொடுத்தார். தம்மை இழக்க அரசு துணியாது என்பது அவரது கணக்கு. ஆனால், பிரதமர் சாலிஸ்பரி ராஜிநாமாவை ஏற்றுக்கொண்டு வேறொருவரை நியமித்தார். அதன் பிறகு ராண்டால்ஃபுக்கு அமைச்சர் பதவி கிட்டவேயில்லை. 1895-இல் அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு நான்காம் ஹுஸார்ஸ் குதிரைப்படையுடன் இந்தியா வந்த சர்ச்சில், பெங்களூரில் இரு அதிகாரிகளுடன் ஒரு பங்களாவில் தங்கினார். காலையில் அணிவகுப்பு, மாலையில் போலோ, வெயில் நேரத்தில் தாயார் அனுப்பிய கிப்பன், மெக்காலே ஆகியோரின் வரலாற்று நூல்கள் என நாள்கள் கழிந்தன. மலாகந்த் போர் குறித்த தமது முதல் நூலையும் பெங்களூரில்தான் எழுதினார். 1899-இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றபோது பெங்களூர் கிளப்புக்குச் செலுத்தாமல் விட்ட 13 ரூபாய் பாக்கி, அந்த கிளப்பின் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது.

1900-இல் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், 1904-இல் கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து லிபரல் கட்சிக்கு மாறினார். 1920-களில் மீண்டும் பழைய கட்சிக்கே திரும்பினார். கலிப்போலித் தோல்வியால் 1915-இல் கடற்படை அமைச்சர் பதவியை இழந்தார். இந்தியாவுக்குத் தன்னாட்சி வழங்குவதை எதிர்த்து, 1931-இல் கட்சித் தலைவர்கள் குழுவிலிருந்து வெளியேறினார். அதன் பின் சுமார் எட்டு ஆண்டுகள் அதிகாரத்துக்கு வெளியே கழிந்தன.

1940: வென்றும் விலகிய பிரதமர்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிரதமர் சேம்பர்லின் அவரை மீண்டும் கடற்படை அமைச்சராக்கினார். 1940-இல் நார்வே போர் தோல்வியில் முடிந்தது. அதில் சர்ச்சிலின் பொறுப்பும் பெரிது. ஆயினும் மக்களவையின் சினம் முழுவதும் பிரதமர் மீதே திரும்பியது.

மே 8-இல் நடந்த வாக்கெடுப்பில் அரசுக்கு 281 வாக்குகளும், எதிராக 200 வாக்குகளும் கிடைத்தன. 200-க்கும் அதிகமாக இருந்த பெரும்பான்மை 81-ஆகச் சுருங்கியது. சொந்தக் கட்சியினர் பலர் எதிர்த்து வாக்களித்தனர்; வேறு பலர் வாக்களிக்கவில்லை. வாக்கெடுப்பில் வென்ற சேம்பர்லின், இரண்டு நாள்களில் பதவி விலக நேர்ந்தது. அவரது தலைமையிலான கூட்டணி அரசில் சேரத் தொழிற்கட்சி மறுத்துவிட்டதே உடனடிக் காரணம்.

அடுத்த பிரதமர் யார் என்ற பேச்சில் முதலில் அடிபட்ட பெயர் ஹாலிஃபாக்ஸ் பிரபு. இர்வின் என்ற பெயரில் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து, 1931-இல் காந்தியடிகளுடன் உடன்பாடு செய்துகொண்டவர் அவர். பிரபுக்கள் சபை உறுப்பினர் போர்க்காலத்தில் அரசை நடத்துவது கடினம் என்று அவரே ஒதுங்கினார். அந்த உடன்பாட்டைக் கடுமையாக எதிர்த்த சர்ச்சில், மே 10 மாலை பிரதமரானார். அன்று காலைதான் ஹாலந்து, பெல்ஜியம் மீது ஜெர்மனி படையெடுத்திருந்தது.

1942: பெயரில்லாத மாற்று

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. மலாயாவில் வாழ்ந்த லட்சக்கணக்கான தமிழர்கள் ஜப்பானிய ஆட்சியின் கீழ் வந்தனர். அவர்களில் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பின்னர் சயாம் ரயில் பாதைப் பணியில் மடிந்தனர். லண்டனில் சர்ச்சிலின் தலைமை கேள்விக்குள்ளானது.

அப்போது மாற்றாகப் பேசப்பட்டவர் மாஸ்கோவில் தூதராக இருந்து திரும்பிய ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ். அவரைச் சர்ச்சில் பிப்ரவரியில் போர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். மார்ச் மாதம், போருக்குப் பின் டொமினியன் அந்தஸ்து என்ற திட்டத்துடன் கிரிப்ஸ் தில்லி வந்தார். பாதுகாப்புத் துறையில் உடனடி அதிகாரம் கோரிய காங்கிரஸ் அத்திட்டத்தை ஏற்கவில்லை. ஏப்ரலில் அவர் வெறுங்கையுடன் திரும்பினார். தில்லிப் பேச்சு வென்றிருந்தால் பெருமையில் பிரதமருக்கும் பங்கு உண்டு. தோற்றதால் குறைந்தது போட்டியாளரின் செல்வாக்கு.

ஜூன் 21-இல் டோப்ருக் கோட்டை வீழ்ந்ததும், கன்சர்வேடிவ் உறுப்பினர் வார்ட்லா-மில்ன் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். பிரதமருக்குப் பதில் யார் என்பதற்கு எதிர்ப்பாளர்களிடம் ஒருமித்த விடையில்லை. மன்னரின் தம்பி குளூஸ்டர் கோமகனைத் தலைமைத் தளபதியாக்கலாம் என்று தீர்மானத்தை முன்மொழிந்தவரே கூற, அவையில் சிரிப்பொலி எழுந்தது. ஜூலை 2-இல் தீர்மானம் 25-க்கு 475 என்ற வாக்குகளில் தோற்றது. கிரிப்ஸ் தமக்கெனக் கட்சி இல்லாதவர். தொழிற்கட்சி 1939-லேயே அவரை நீக்கியிருந்தது.

பதவி உறுதிப்பட்ட சர்ச்சில் அரசின் போக்கை இந்தியா விரைவிலேயே கண்டது. வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய மறுநாள், ஆகஸ்ட் 9 அதிகாலையில் காந்தியடிகளும் காங்கிரஸ் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். தானியம் ஏற்றிவர இந்திய நிர்வாகம் கோரிய அளவுக்குக் கப்பல்களை ஒதுக்க லண்டன் போர் அமைச்சரவை முன்வரவில்லை. அந்த முடிவில் சர்ச்சிலின் பங்கு இன்றளவும் விவாதிக்கப்படுகிறது.

1953: மறைக்கப்பட்ட நோய்

1945 தேர்தலில் அவரை மாற்றியது கட்சி அல்ல, வாக்காளர்கள். 1951-இல் மீண்டும் பிரதமரானபோது அவருக்கு வயது 76. 1953 ஜூன் 23-இல் பக்கவாதம் தாக்கியது. நாளிதழ் அதிபர்கள் சிலரின் ஒத்துழைப்புடன் அந்தச் செய்தி வெளிவராமல் தடுக்கப்பட்டது. பிரதமருக்கு ஓய்வு தேவை என்று மட்டும் அறிவிக்கப்பட்டது.

அடுத்த பிரதமர் என்று எல்லோராலும் ஏற்கப்பட்டிருந்த வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன், அதே வேளையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அறுவைச் சிகிச்சையில் இருந்தார். அவர் உடல்நலத்துடன் இருந்திருப்பின் மாற்றம் அன்றே நிகழ்ந்திருக்கக்கூடும். சில மாதங்களில் தேறிய சர்ச்சில், பதவி விலகும் நாளைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார். சக அமைச்சர்களின் நெருக்குதல் முற்றியபின், 1955 ஏப்ரல் 5-இல் விலகினார்.

நீண்ட காலம் காத்திருந்த ஈடனின் ஆட்சி, சூயஸ் கால்வாய் நடவடிக்கையின் தோல்விக்குப் பின் 1957 ஜனவரியில் முடிந்தது.

1965 ஜனவரி 24-இல், தந்தை இறந்த அதே தேதியில், சர்ச்சில் தமது 90-ஆவது வயதில் காலமானார். அவர் கண்ட மூன்று நெருக்கடிகளிலும் பிரதமரின் தோல்வி மட்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. 1940-இல் அனைவரும் ஏற்கும் ஒருவர் கிடைத்தார், 1942-இல் கிடைக்கவில்லை, 1953-இல் கிடைத்தவர் படுக்கையில் இருந்தார். இம்மூன்றில் நடுவில் உள்ளதன் விளைவை அதிகம் சுமந்தவர்கள், அந்த வாக்கெடுப்பில் எந்தப் பங்கும் இல்லாத இந்திய மக்கள்.