நுளம்பு மருந்தும் றேச்சல் கார்சனும்: இலங்கையைச் சாட்சிக்கு இழுத்த ஒரு பழி

அமிர்தகழியில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய யாரையாவது பிடித்து, அந்தக் காலத்தில் நுளம்புக்கு மருந்தடிக்க வந்தவர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சாமான்களை முற்றத்தில் தூக்கி வைத்தது, முதுகில் தெளிகருவியோடு வந்தவர்கள் சுவர் சுவராக அடித்துவிட்டுப் போனது, காய்ந்த பிறகு சுவரில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது எல்லாம் நினைவுக்கு வரும். அதுதான் டி.டி.ரி. மலேரியாக் காய்ச்சலில் குடும்பம் குடும்பமாகச் சுருண்டு கிடந்த கிழக்குக்கு அது உண்மையிலேயே வரமாக வந்த பொருள். இதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்குவது நியாயமில்லை.

ஏனென்றால் இது, டி.டி.ரி.க்கு எதிராக எழுதியவர் என்று உலகம் நினைவில் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. றேச்சல் கார்சன் இறந்து அறுபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் இணையத்தில் அவரை இலட்சக்கணக்கானவர்களைக் கொன்றவர் என்று திட்டுகிற எழுத்துகள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டுக்குச் சாட்சியாக அவர்கள் இழுத்து வருவது இலங்கையைத்தான். இலங்கையில் மலேரியா ஒழியும் நிலையில் இருந்ததாம், கார்சனின் புத்தகத்தால் டி.டி.ரி. நிறுத்தப்பட்டதாம், காய்ச்சல் திரும்பி வந்ததாம். நம்முடைய பெயரைச் சொல்லித்தான் வழக்குப் பேசுகிறார்கள் என்பதால் அவருடைய வாழ்க்கையை நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கார்சன் 1907 மே 27 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். அலெகெனி ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரைச் சுற்றிலும் நாளடைவில் தொழிற்சாலைப் புகை சூழ்ந்தது. தாய் மரியாவோடு காட்டிலும் தோட்டத்திலும் அலைந்து பறவைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்ட பிள்ளை அவர். பத்து, பதினொரு வயதிலேயே சிறுவர் சஞ்சிகை ஒன்றில் அவருடைய கதை அச்சாகியது. ஆங்கிலம் படித்து எழுத்தாளராவது என்ற எண்ணத்தில்தான் கல்லூரிக்குப் போனார். அங்கே மேரி ஸ்கொட் ஸ்கிங்கர் என்ற உயிரியல் ஆசிரியையின் வகுப்பில் உட்கார்ந்ததும் மனம் மாறிவிட்டது. கடலைப் பற்றியே எழுதிப் புகழ் பெற்ற இந்தப் பெண் முதன்முதலாகக் கடலைக் கண்டது 1929 இல், 22 வயதில்.

1932 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். மேலே படிக்க ஆசை இருந்தது, வீட்டில் பணம் இல்லை. 1935 இல் தந்தை இறந்தார். இரண்டு வருடத்தில் அக்காவும் இறந்துபோக, அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகளும் வயதான தாயும் இவருடைய சம்பளத்தை நம்பி நின்றார்கள். அரசாங்கத்தின் மீன்வளப் பணியகத்தில் வானொலிக்குப் பிரதி எழுதும் வேலையில் சேர்ந்து, பிறகு நீர்வாழ் உயிரியலாளராக நிரந்தரமானார். பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. 1941 இல் வந்த முதல் புத்தகத்தை உலக யுத்தம் அமுக்கிவிட்டது. 1951 இல் கடலின் வரலாற்றைச் சொல்லும் இரண்டாவது புத்தகம் வந்தது. அது 86 வாரங்கள் நியூயோர்க் ரைம்ஸின் விற்பனைப் பட்டியலில் நின்றது. அதற்குப் பிறகுதான் அரச வேலையை விட்டு முழுநேர எழுத்துக்கு அவரால் வர முடிந்தது.

டி.டி.ரி. பற்றிய சந்தேகம் அவருக்குப் புகழுக்கு முன்பே வந்திருந்தது. அந்தப் பொருளை 1874 இலேயே ஆய்வுகூடத்தில் செய்திருந்தார்கள். அது பூச்சியைக் கொல்லும் என்பதை 1939 இல் கண்டுபிடித்தவர் சுவிஸ் நாட்டின் போல் முல்லர். அதற்காக அவருக்கு 1948 இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதற்கு முன்பு வயல்களில் பெரும்பாலும் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த நஞ்சுகளைத்தான் அடித்தார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் டி.டி.ரி. மனிதருக்குப் பாதகமில்லாதது போலவே தெரிந்தது. தொட்டால் சாவதில்லை, மணமும் பெரிதாக இல்லை, விலையும் மலிவு. 1945 இல் கார்சன் இதைப் பற்றி எழுத ஒரு பெரிய சஞ்சிகையிடம் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

பதின்மூன்று வருடங்கள் கழித்து, 1958 ஜனவரியில், மசச்சூசெட்ஸிலிருந்து ஒல்கா ஹக்கின்ஸ் என்ற நண்பியின் கடிதம் வந்தது. நுளம்பு ஒழிப்பு என்று விமானத்திலிருந்து மருந்து தெளித்த பிறகு அவருடைய வளவில் பறவைகள் செத்து விழுந்திருந்தன. அப்போது கார்சனின் வாழ்க்கை நிம்மதியாக இல்லை. வளர்த்த மருமகள் முந்தைய வருடம் இறந்திருந்தார். அவருடைய ஐந்து வயது மகன் றோஜரை கார்சன் தத்தெடுத்திருந்தார். அந்த வருடக் கடைசியில் தாயும் போய்விட்டார். இவ்வளவுக்கும் நடுவில்தான் நாலு வருட வேலை தொடங்கியது.

அவர் சேர்த்த ஆதாரங்களில் வாவிக்கரையில் வாழ்கிற நமக்கு உடனே புரியக்கூடிய ஒன்று கலிபோர்னியாவின் கிளியர் லேக் ஏரி. தூண்டில் போட வருகிறவர்களுக்குச் சின்னப் பூச்சிகள் தொல்லை கொடுத்தன என்று, டி.டி.ரி.யின் நெருங்கிய உறவான டி.டி.டி.யை ஏரியில் கலந்தார்கள். 1949, 1954, 1957 என்று மூன்று முறை. தண்ணீரில் அதன் அளவு மிஞ்சிப் போனால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கின் ஐம்பதில் ஒன்று. குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லக்கூடிய அளவு. ஆனால் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் அது 5 பங்காக இருந்தது. அவற்றைத் தின்ற மீன்களில் நூற்றுக்கணக்கில். மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1600 பங்கு. ஆயிரம் சோடிக்கு மேல் கூடு கட்டிய அந்தப் பறவைகள் 1960 அளவில் முப்பது சோடியாகக் குறைந்திருந்தன.

இதன் சூட்சுமம் எளியது. டி.டி.ரி. வகைப் பொருள்கள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடம்பு அதைச் சிதைத்து வெளியேற்ற வழி தெரியாமல் கொழுப்பில் சேர்த்து வைக்கிறது. சின்னதைப் பெரியது தின்னத் தின்ன, சேர்த்து வைத்தது எல்லாம் பெரியதன் கணக்கில் ஏறுகிறது. இறாலைத் தின்கிற கொடுவா, கொடுவாவைத் தின்கிற மனிதர் என்று போட்டுப் பார்த்தால் கணக்கின் கடைசி வரி எங்கே முடிகிறது என்று விளங்கும். பாதரசமும் இதே பாதையில்தான் மீன் வழியாக மனிதருக்கு வருகிறது. ஜப்பானின் மினமாட்டாக் குடாவில் மீனவக் குடும்பங்கள் அதே 1950களில் அதை அனுபவித்துக் கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் கார்சன் கவனித்தார். இவற்றைப் பூச்சிகொல்லி என்று அழைப்பதே தவறு, இவை உயிர்கொல்லிகள் என்பது அவர் கருத்து. நாம் அதற்கும் ஒரு படி மேலே போய் மருந்து என்கிறோம். வயலுக்கு அடிப்பதும் மருந்து, ஆஸ்பத்திரியில் தருவதும் மருந்து.

1960 இல் அவருக்கு மார்பகத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்பதை வைத்தியர் அவரிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெண் நோயாளிகளிடம், அதுவும் கணவன் இல்லாதவர்களிடம், இப்படி மறைப்பது வழக்கமாக இருந்தது. மாதக்கணக்கான பிறகு, அவராகவே சந்தேகப்பட்டு கிளீவ்லாந்தில் இன்னொரு வைத்தியரிடம் போனபோதுதான், நோய் பரவியிருப்பது தெரிந்தது. தன் உடம்புக்குள் என்ன போகிறது என்பதை அறிவது ஒவ்வொருவரின் உரிமை என்று எழுதிக் கொண்டிருந்தவருக்கே, தன் உடம்பில் என்ன இருந்தது என்பது மறைக்கப்பட்டது. பிறகு அவரும் நோயை வெளியே சொல்லவில்லை. புற்றுநோயைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களைச் சொந்தக் கோபம் என்று கம்பனிகள் தள்ளிவிடும் என்று பயந்தார்.

1962 ஜூனில் நியூயோர்க்கர் சஞ்சிகையில் தொடராகவும், செப்டம்பர் 27 அன்று புத்தகமாகவும் மௌன வசந்தம் வெளிவந்தது. பனிக்காலம் முடிந்தும் பறவைகளின் குரல் கேட்காத ஊர் என்பதுதான் தலைப்பின் பொருள். வெல்சிக்கொல் என்ற இரசாயனக் கம்பனி வழக்குப் போடுவதாக மிரட்டியது. மொன்சாண்டோ கேலிக் கட்டுரை வெளியிட்டது. கம்பனிகளின் சங்கம் இரண்டரை இலட்சம் டொலர் செலவழித்துப் பிரசாரம் செய்தது. கல்யாணம் ஆகாதவளுக்குப் பரம்பரையைப் பற்றி என்ன கவலை என்ற ரகப் பேச்சுகளும் வந்தன. அவை எந்த ஊரிலும் வருகிறவைதான்.

1963 ஏப்ரல் 3 அன்று சீ.பி.எஸ். தொலைக்காட்சியில் அவரும் ஒரு கம்பனி விஞ்ஞானியும் ஒரே நிகழ்ச்சியில் தோன்றினார்கள். விளம்பரதாரர் ஐவரில் மூவர் ஒளிபரப்புக்கு முன்பே விலகியிருந்தார்கள். தலைமுடி உதிர்ந்ததை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கார்சன் பேசினார். அடுத்த மாதம் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞானக் குழு வெளியிட்ட அறிக்கை பெருமளவுக்கு அவர் பக்கம் நின்றது. அந்த ஜூனில் செனற் குழுவின் முன்னால் சாட்சியம் சொன்னார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் இறந்தார்.

இனி இலங்கைக் கணக்குக்கு வருவோம். 1934-35 மலேரியாக் கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்த நாடு இது. 1940களின் நடுவில் டி.டி.ரி. வந்தது. 1946 இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை 1963 இல் 17 ஆக இறங்கியது. ஆக இனி செலவு எதற்கு என்று 1964 அளவில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. வெற்றி வந்துவிட்டது என்ற நம்பிக்கையும் சிக்கனமும்தான் காரணம். அமெரிக்கா டி.டி.ரி.யை விவசாயத்துக்குத் தடை செய்ததே 1972 இல்தான். 1967 முதல் 1969 வரை மலேரியா திரும்பி வந்து, 1969 இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் படுக்கையில் போட்டது. உடனே மீண்டும் டி.டி.ரி. அடித்தார்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் முன்பு போல நுளம்பு சாகவில்லை. அதற்குப் பழகிவிட்டது. 1970களில் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த நாற்றம் பிடிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டோம் என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

கண்டபடி அடித்தால் பூச்சி பழகிவிடும், பிறகு நோயைத் தடுக்க வேண்டிய நேரத்தில் கையில் ஆயுதம் இருக்காது என்பது மௌன வசந்தத்திலேயே ஒரு அத்தியாயமாக இருக்கிறது. எல்லா இரசாயனத்தையும் தடை செய்யுங்கள் என்று அவர் எங்கும் கேட்கவில்லை. 2001 ஸ்டொக்ஹோம் உடன்படிக்கைகூட, நோய் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக டி.டி.ரி.யைப் பயன்படுத்த இடம் வைத்திருக்கிறது. 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தி, விளைச்சல் விழுந்த பிறகு அதே வருடத்திலேயே தீர்மானத்தை மாற்றிக்கொண்ட நம்முடைய அனுபவத்துக்கும் அவர் சொன்னதற்கும் தூரம் அதிகம்.

அவர் வழிக்கு நெருக்கமான ஒன்றையும் இலங்கை செய்திருக்கிறது. 1995 இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேரில் 47 பேர் வரை தற்கொலையால் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி விவசாய நஞ்சுகளால். மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1980களிலிருந்து படிப்படியாக இறக்குமதியை நிறுத்தினார்கள். பத்து வருடத்தில் அந்தத் தொகை பாதியானது, நெல் விளைச்சலும் குறையவில்லை. மலேரியாவும் 2012 ஒக்டோபருக்குப் பிறகு, சான்றிதழ் கிடைக்கும் வரை, உள்ளூரில் எவருக்கும் தொற்றவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. வீடு வீடாகத் தேடி இரத்தம் சோதித்ததும், பல முறைகளைக் கலந்து பயன்படுத்தியதும் அதற்குப் பின்னால் இருந்தன.

டி.டி.ரி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது 2015 இல். கலிபோர்னியாவில் கர்ப்பகாலத்தில் தாய்மாரிடம் எடுத்த இரத்தத்தைப் பாதுகாத்து வைத்திருந்தவர்கள், அந்த வயிற்றில் இருந்த பெண் பிள்ளைகள் ஐம்பது வயதை எட்டிய பிறகு பார்த்தார்கள். தாயின் இரத்தத்தில் டி.டி.ரி. அதிகம் இருந்தவர்களின் மகள்களுக்கு மார்பகப் புற்றுநோய் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அதிகம். அதுவும் 2015 இல் வெளிவந்த ஆய்வுதான்.

படுவான்கரை வயல்களில் அடிப்பதன் மிச்சம் இன்றைக்கும் வடிகால் வழியாக வாவிக்குத்தான் வருகிறது. மாமாங்கத்தைத் தாண்டிக் கரைக்குப் போனால், விடியற்காலையில் தோணிகள் இறாலும் மணலையுமாக வந்து சேர்வதைப் பார்க்கலாம்.

கார்சனின் சாம்பலில் ஒரு பாதியைத் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மற்றப் பாதியை, கோடைக்காலங்களில் அவர் குந்தியிருந்து நண்டும் சிப்பியும் பார்த்த மெயின் மாநிலக் கடற்கரையில் தூவினார்கள்.