சிக்கலை அளந்த ஹென்ரி போர்டு

தொழிற்சாலையில் காணும் சிக்கலில் பெரும்பகுதி பொருளில் இல்லை. அதைச் செய்யும் முறையிலேயே இருக்கிறது. இவ்வுண்மையைக் கடிகாரத்தைக் கொண்டே உலகிற்கு மெய்ப்பித்தவர் அமெரிக்கரான ஹென்ரி போர்டு. அவருடைய சரித்திரத்தில் பின்பற்றத்தக்கதும் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கதும் ஒருங்கே இருப்பதால், அதை நேயர்கள் முன் வைக்கிறோம்.

மிச்சிகன் மாகாணத்தில் 1863-ல் குடியானவர் குடும்பத்தில் பிறந்த போர்டு, 16-வது வயதில் டிட்ராயிட் நகரஞ்சென்று யந்திர வேலை பழகினார். 1903-ல் மோட்டார் கம்பெனியை ஸ்தாபித்தார். 1908-ல் டி மாடல் வண்டி வெளிவந்தது. மறு வருஷமே, இனி அம்மாடல் ஒன்றையே செய்வதென்று தீர்மானித்தார். பல மாடல்களுக்குப் பல அச்சுக்களும் கருவிகளும் வேண்டும். மாடல் ஒன்றேயானால் ஒவ்வொரு யந்திரமும் ஒரே வேலையை ஓயாது செய்யலாம். பாகங்கள் அளவு பிசகாது அமைந்தபடியால், அரத்தால் ராவிப் பொருத்தும் வேலையும் ஒழிந்தது.

1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், மாக்னெட்டோ என்னும் மின்சார உறுப்பொன்றைத் தனி ஆள் பூட்ட 20 நிமிஷம் பிடித்தது. அவ்வேலையை 29 பேருக்குப் பகுத்ததும், ஓர் உறுப்புக்குரிய உழைப்பு 13 நிமிஷமாயிற்று. குனியாதபடி மேடையை உயர்த்தி, சங்கிலியால் நகரச் செய்ததும் 5 நிமிஷமாயிற்று. வண்டியைப் பூட்டச் சென்ற சுமார் 12½ மணி நேரம், 1914-ல் 93 நிமிஷமாகச் சுருங்கியது.

ஆனால் அக்கடிகாரம் அளவாதது ஒன்றுண்டு. நாள் முழுதும் ஒரே திருகை முடுக்கும் மனிதனின் சலிப்பே அது. 1913-ல் சுமார் 14,000 பேரை வேலையில் நிறுத்த 52,000 பேரை நியமிக்க நேர்ந்தது. 1914 ஜனவரியில் தினக்கூலியை ஏறக்குறைய இருமடங்காக்கி 5 டாலரென்றும், வேலை நேரம் 8 மணியென்றும் போர்டு அறிவித்தார். இதைத் தருமமென்று புகழ்ந்தோர் பலர். விட்டுச் சென்ற தொழிலாளர் கற்பித்த பாடமென்றே நாம் சொல்வோம். அப்பாடத்தையும் அவர் முழுதும் கற்றாரில்லை. 1941 வரை தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தார்.

வாங்குவோர் விஷயமும் அவ்வாறே. 850 டாலராயிருந்த விலை 300-க்கும் கீழே இறங்கியது மெய்யே. ஆயினும் 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோ பலவகை வண்டிகளைக் காட்டி ஜனங்களைக் கவர்ந்தது. 1927-ல், 150 லட்சம் வண்டிகளுக்குப் பின், டி மாடல் நின்றது. ஒரே வேலைக்கென அமைந்த யந்திரங்களை மாற்றுவதற்காகத் தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. போர்டு 1947-ல் காலமானார்.

வீண் சிக்கலைக் களைவது அறிவு. மனிதனுடைய விருப்பத்தையும் மானத்தையும் அச்சிக்கலோடு சேர்த்து எண்ணுவது அறிவாகாது. யந்திரத் தொழிலை நடத்துவோர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.