வால்வு தந்த வாத்தியார்

பேசிக் எலெக்ட்ரிகல் பரீட்சை நடக்கும்போது ஹாலை ஒரு தடவை சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே? பாதிப் பேர் இடது கையையும் மீதிப் பேர் வலது கையையும் தூக்கி, மூன்று விரலை மூன்று திசையில் விரித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியாள் யாராவது எட்டிப் பார்த்தால் பரதநாட்டிய வகுப்பு என்றே நினைப்பார்! மோட்டாருக்கு இடது கை, ஜெனரேட்டருக்கு வலது கை. விதி யாருடையதுன்னு கேட்டா ஃபிளெமிங்னு சொல்லிடுவோம். ரெண்டு மார்க் வாங்கிடுவோம். அதோட அந்த மனுஷனை மறந்துடுவோம்.

அந்த விரல் வித்தை அவர் பெரிய ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பாடம் எடுத்தபோது, காந்தப்புலம் எந்தப் பக்கம், மின்னோட்டம் எந்தப் பக்கம் என்று குழம்பித் தவித்த மாணவர்களுக்காகச் செய்து கொடுத்த சுலப வழி. நம்மைப் போன்ற ஆட்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.

ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 29-11-1849 அன்று இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் பிறந்தார். அப்பா ஒரு சர்ச்சில் போதகர். வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர். வசதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல்லூரியில் சேர்ந்தவருக்குத் தொடர்ந்து படிக்கப் பணம் இல்லை. கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு பங்குச் சந்தை அலுவலகம் ஒன்றில் இரண்டு வருஷம் குமாஸ்தா வேலை. பகலில் கணக்கு எழுதுவது, ராத்திரியில் புத்தகத்தோடு உட்காருவது. அப்படித்தான் 1870-ல் பி.எஸ்ஸி. முடித்தார். பகுதிநேரமாக டிப்ளமா படிக்கும் அண்ணன்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும்.

அதோடும் அவர் நிற்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்து, 400 பவுன் சேர்த்து, 1877-ல் தன் 27-ஆவது வயதில் கேம்பிரிட்ஜில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். காரணம் ஒன்றே ஒன்றுதான். அங்கே மாக்ஸ்வெல் இருந்தார். மின்காந்த அலைக் கொள்கையைத் தந்த அதே மாக்ஸ்வெல்தான். அவர் நடத்துவது சுலபத்தில் புரியாது என்பதால் வகுப்புக்கு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. சில நாள் ஃபிளெமிங்கோடு சேர்த்து ஓரிருவர்தானாம். 1879-ல் மாக்ஸ்வெல் இறந்துவிட்டார். கிடைத்தது இரண்டே வருஷம். ஆனால் அந்த இரண்டு வருஷத்தைத்தான் ஃபிளெமிங் ஆயுசு முழுக்கச் செலவழித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1882-ல் எடிசனின் லண்டன் விளக்குக் கம்பெனியில் ஆலோசகர் வேலை கிடைத்தது. அங்கே ஒரு புதிர். எரிய எரிய பல்புக் கண்ணாடியின் உள்பக்கம் கறுத்துக்கொண்டே வரும். ஆனால் ஃபிலமென்ட்டின் ஒரு காலுக்கு நேர் எதிரே மட்டும் மெல்லிய கோடு கறுக்காமல் நிற்கும். நிழல் விழுந்த மாதிரி. அப்படியானால் ஃபிலமென்ட்டிலிருந்து ஏதோ ஒன்று நேர்கோட்டில் பறந்து வருகிறது! எடிசனும் இதைப் பார்த்தவர்தான். பல்புக்குள் ஒரு தகட்டை வைத்து, அதைப் பாசிட்டிவில் இணைத்தால் மின்னோட்டம் பாய்கிறது, நெகட்டிவில் இணைத்தால் பாய்வதில்லை என்று கண்டு, 1883-ல் பேடன்ட்டுக்கும் எழுதிப் போட்டார். அப்புறம் அப்படியே விட்டுவிட்டார். எலெக்ட்ரான் என்ற ஒன்று இருக்கிறது என்று ஜே.ஜே.தாம்சன் காட்டியதே 1897-ல்தானே! ஃபிளெமிங் மட்டும் விடவில்லை. விதவிதமாகத் தகடு வைத்த பல்புகளைச் செய்யச் சொல்லி, பரிசோதித்து, கட்டுரை எழுதி, பல்புகளை அலமாரியில் பத்திரப்படுத்தினார்.

இதற்கு நடுவில் 1885-ல் யுனிவர்சிட்டி காலேஜின் முதல் மின்பொறியியல் பேராசிரியர் ஆனார். 41 வருஷம் அந்த நாற்காலிதான். 1899-ல் மார்க்கோனி தன் கம்பெனிக்கு ஆலோசகராகக் கூப்பிட்டார். 12-12-1901 அன்று அட்லாண்டிக் கடலைத் தாண்டி முதல் கம்பியில்லாத் தந்தி சிக்னல் போனதே, அதை அனுப்பிய போல்டு நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரை வடிவமைத்தவர் ஃபிளெமிங். மாலை விழுந்தது மார்க்கோனி கழுத்தில். 1903 கடைசியில் கம்பெனி அவரை வேலையை விட்டே நிறுத்தியது. 1905-ல் மறுபடி சேர்த்துக்கொண்டது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஃபிளெமிங்குக்குக் காது மந்தம். வருஷம் ஏற ஏற அது அதிகமாகிக்கொண்டே போனது. அந்தக் காலத்து வயர்லெஸ் சிக்னலை ஹெட்போன் வைத்துக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். காது கேட்காதவர் என்ன செய்வார்? முள் அசைவதைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் கால்வனாமீட்டருக்கு ஒருதிசை மின்னோட்டம் வேண்டும். வருவதோ நொடிக்கு லட்சக்கணக்கில் திசை மாறும் அலை. 1904 அக்டோபரில் ஒரு நாள் அவருக்கு அந்தப் பழைய எடிசன் பல்புகள் ஞாபகம் வந்தன. அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தார். முள் அசைந்தது! 16-11-1904 அன்று பேடன்ட்டுக்கு விண்ணப்பித்தார். சைக்கிள் டியூபில் காற்று உள்ளே போகும், வெளியே வராது, இல்லையா? அது போல இது மின்னோட்டத்துக்கு ஒருவழிப் பாதை. அதனால் வால்வு என்றே பேரும் வைத்தார். அதே 1904-ல்தான் நம்ம ஜகதீஷ் சந்திர போஸுக்கும் கலீனா படிகத்தை வைத்து அலையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு அமெரிக்கப் பேடன்ட் கிடைத்தது. படிகம், வால்வு இரண்டும் ஒரே வருஷத்துக் கதை.

இப்போது கல்ச்சுரல்ஸ் விஷயத்துக்கு வருவோம். கிட்டார் வாசிக்கிற நண்பர்கள் வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் உயிரை விடுவார்கள். மற்ற எல்லா இடத்திலும் வால்வு போய்விட்டது. தீபத் திருவிழாவுக்கு மாட வீதியில் கட்டுகிற மைக் செட்டில்கூட இன்று வால்வு கிடையாது. கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று இன்னும் அவர்களுக்காக வால்வு செய்கிறார்கள். அந்த ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்வதில்தான் ஃபிளெமிங்கின் பாடம் முழுசும் இருக்கிறது.

வால்வு ஆம்ப்ளிஃபையரில் பல மாடல்களில் இரண்டு சுவிட்ச் இருக்கும். ஒன்று பவர், இன்னொன்று ஸ்டாண்ட்பை. பவரைப் போட்டால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போகும், கேத்தோடு சூடாக ஆரம்பிக்கும். ஸ்டாண்ட்பையை விடுவித்தால்தான் பிளேட்டுக்கு 300, 400 வோல்ட் ஹைடென்ஷன் போகும். சூடு ஏறாத கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான் வராது. எலெக்ட்ரான் வராவிட்டால் மின்னோட்டம் இல்லை, அதாவது லோடே இல்லை. இங்கே ஒரு சின்னக் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் 350 வோல்ட் தருகிறது என்றால், லோடு இல்லாதபோது ஃபில்டர் கபாசிட்டர் உச்ச வோல்டேஜ் வரை ஏறும். 350-ஐ 1.414-ஆல் பெருக்குங்கள், 495 வோல்ட். கபாசிட்டர் மேலே 450 வோல்ட் என்று அச்சடித்திருந்தால்? லோடு வந்ததும் வோல்டேஜ் இறங்கிவிடும் என்பது உண்மைதான். அதுவரைக்கும் அந்தக் கபாசிட்டர் தாக்குப் பிடிக்கணுமே!

சிலிக்கான் டயோடு ரெக்டிஃபையர் உள்ள செட்டில் இந்த ஆபத்து பவர் போட்ட நொடியிலேயே வரும். ஆனால் ஜி.இஸட்.34 மாதிரி மறைமுகமாகச் சூடேறும் ரெக்டிஃபையர் வால்வு இருந்தால் கதையே வேறு. அதுவும் மெதுவாகத்தான் சூடாகும். அது விழித்து ஹைடென்ஷனைக் கொடுப்பதற்குள் மற்ற வால்வுகளும் ஏறக்குறைய தயாராகிவிடும். அந்த ரெக்டிஃபையர் வேறு எதுவும் இல்லை, ஃபிளெமிங் அலமாரியிலிருந்து எடுத்த அதே டயோடின் பேரன்தான்.

அதனால் முறை இதுதான். முதலில் ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, உள்ளே பொறி பறந்து, அதோட சரி. வால்யூமைக் குறைத்து, ஸ்டாண்ட்பையில் வைத்து, பவரைப் போடுங்கள். அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை பொறுங்கள். பிறகு ஸ்டாண்ட்பையை விடுவியுங்கள். பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பொறுமை பழக்கம்தான். சுவிட்சைத் திருப்பிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் பாட்டு வரும்.

சூடாகும் முன்பே ஹைடென்ஷன் கொடுத்தால் கேத்தோடு பூச்சு பிய்ந்துவிடும் என்று கிட்டார்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் போகும் ஒலிபரப்பு டிரான்ஸ்மிட்டருக்கு அந்தப் பயம் நியாயம். நம்ம கையில் இருக்கும் சின்ன வால்வுக்கு அது அவ்வளவு பொருந்தாது என்பதே என் கருத்து. வீட்டு ரேடியோவில் ஸ்டாண்ட்பை சுவிட்சே கிடையாது. அது முப்பது நாற்பது வருஷம் பாடவில்லையா? உங்க ஆம்ப்ளிஃபையரில் அந்த சுவிட்ச் இல்லை என்றால் கவலையே வேண்டாம். இருக்கிறதே என்று மணிக்கணக்காக ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் தப்பு. கேத்தோடு சூடாக இருந்து மின்னோட்டம் எடுக்கப்படாமலே கிடந்தால் அதன் சக்தி மெல்லக் குறையும். பத்து நிமிஷ இடைவேளைக்கு ஸ்டாண்ட்பை போதும். நீண்ட இடைவேளை என்றால் ஆஃப்.

ஆஃப் செய்யும்போதும் வால்யூமைக் குறைத்துவிட்டு ஆஃப். உடனே மறுபடி ஆன் செய்து விளையாட வேண்டாம். கண்ணாடி ஆறும்வரை மினி லாரியில் ஏற்றாதீர்கள், உறையும் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் மூடியைக் கழற்றிக் கை வைக்காதீர்கள். ஃபில்டர் கபாசிட்டரில் 400 வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மல்டிமீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். 120 வோல்ட் அமெரிக்க செட்டை நம்ம ஊர் 230-ல் நேராகச் சொருகுகிற வீரர்களைப் பற்றி எழுத இந்த மலரில் இடம் போதாது.

ஃபிளெமிங்கிடம் திரும்புவோம். வால்வின் பேடன்ட் மார்க்கோனி கம்பெனிக்கே போனது. அவருக்குக் கிடைத்த பணம் சொற்பம். 1906-ல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், இரண்டு மின்வாய்க்கு நடுவே மூன்றாவதாக ஒரு கிரிட்டைச் சேர்த்தார். அதிலிருந்துதான் ஆம்ப்ளிஃபையரே பிறந்தது. தன் வால்வைத்தான் எடுத்து மாற்றினார் என்று ஃபிளெமிங்குக்குக் கடைசிவரை கோபம். கோர்ட், கேஸ் என்று வருஷக்கணக்காக இழுத்தது. 1916-ல் அமெரிக்க நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் அத்துமீறியதாகச் சொன்னது. 1943-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபிளெமிங்கின் பேடன்ட்டே செல்லாது என்று சொல்லிவிட்டது. அப்போது அவருக்கு 93 வயது.

நடுவில் 1929-ல் சர் பட்டம் கிடைத்தது. முதல் மனைவி இறந்த பின், 1933-ல் 83 வயதில் ஒரு பாடகியைத் திருமணம் செய்துகொண்டார். காது கேட்காதவருக்குப் பாடகி மனைவி! டார்வின் கொள்கையை எதிர்த்து ஒரு இயக்கத்துக்கும் தலைமை தாங்கினார். விஞ்ஞானி இப்படியா என்று நமக்குத் தோன்றலாம், போதகர் வீட்டுப் பிள்ளை அந்த விஷயத்தில் கடைசிவரை மாறவில்லை.

18-4-1945 அன்று சிட்மவுத் என்ற கடலோர ஊரில் தன் 95-ஆவது வயதில் காலமானார். அவர் பிறந்தபோது உலகத்தில் டெலிபோன் கிடையாது. போகும்போது ரேடியோ, ரேடார், டெலிவிஷன் மூன்றும் வால்வில் ஓடிக்கொண்டிருந்தன. 1947 டிசம்பரில் பெல் லேபில் டிரான்சிஸ்டர் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.