வேலி தாண்டிய பெண்



கோ-கோவா, தடை தாண்டும் ஓட்டமா, ஏதாவது ஒண்ணை விட்டுடு என்று ஒரு மாதமாக அம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க. ரெண்டையும் பிடிச்சுக்கிட்டா ரெண்டும் போயிடுமாம். எனக்கோ மனசே வரல. அப்போதுதான் பேப் டிட்ரிக்சன் பற்றிப் படித்தேன்.

இவருடைய இயற்பெயர் மில்ட்ரெட். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1911-ல் பிறந்தார். பெற்றோர் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டில் ஏழு பிள்ளைகள், அப்பா தச்சுவேலை செய்பவர். உடற்பயிற்சிக் கூடத்துக்கு எங்கே போவது? அப்பாவே கொல்லைப்புறத்தில் தொங்குவதற்குக் கம்பி கட்டிக் கொடுத்தார். துடைப்பக் கட்டையின் ரெண்டு முனையிலும் இஸ்திரிப் பெட்டியை மாட்டி எடை தூக்க வைத்தார்!

பியூமான்ட் நகரில் இவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு செடி வேலி உண்டு. அக்கா லில்லி தெருவில் ஓடுவார். பேப் வேலிகளைத் தாண்டித் தாண்டிக் கூடவே ஓடுவார். ஒரு வீட்டு வேலி மட்டும் ரொம்ப உயரம். போய்க் கேட்டதும் அவர்கள் அதை வெட்டி விட்டார்களாம். (எங்க தெருவில் கேட்டா என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்!) வேலி அகலமாக இருந்ததால் முழங்காலை மடக்கித் தாண்டிப் பழகினார். பிறகும் அவர் பாணி அதுதான்.

கூடைப்பந்து, பேஸ்பால், நீச்சல் என்று எதையும் அவர் விடவில்லை. கூடைப்பந்தில் சட்டென்று நின்று திரும்புகிற கால்தானே தடை ஓட்டத்திலும் வேலை செய்கிறது? ஒரே அசைவையே தினமும் செய்தால் ஒரே மூட்டில்தான் சுமை விழும். மாற்றி மாற்றி ஆடினால் உடம்பு முழுக்கப் பழகும். கோ-கோவில் கட்டத்துக்குக் கட்டம் திரும்பும்போது எனக்கே இது தெரிகிறது.

1932 ஜூலையில் அமெரிக்க தேசியப் போட்டி. மற்ற அணிகளில் கூட்டமாக வந்திருந்தார்கள். பேப்பின் அணியில் அவர் ஒருவர்தான்! எட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு ஐந்தில் முதலிடம், உயரம் தாண்டுதலில் இன்னொருவரோடு சேர்ந்து முதலிடம். 30 புள்ளிகள். 22 பேர் கொண்ட அடுத்த அணிக்கு 22 புள்ளிகள்தான். வட்டு எறிதலில் மட்டும் நாலாவது இடம், அதையும் சொல்லிடணும்.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்று போட்டிகளுக்கு மேல் அனுமதி இல்லை. ஈட்டி எறிதலில் 43.69 மீட்டர், தங்கம். 80 மீட்டர் தடை ஓட்டத்தில் 11.7 விநாடி, அதுவும் தங்கம். உயரம் தாண்டுதலில் முதலிடம் பெற்றவர் தாண்டிய அதே உயரத்தைத் தாண்டியும், தலையை முன்னே விட்டுத் தாண்டியது தவறு என்று வெள்ளிதான் கொடுத்தார்கள்.

அப்புறம் கோல்ஃப். கையில் ரத்தம் கசியும் வரை பந்தை அடித்துப் பழகினார். அம்மா சொல்வதும் இங்கேதான் கொஞ்சம் சரி, ஒன்றில் முழுசா இறங்கும் காலமும் வருது. ஆனால் அவருக்கு அது இருபது வயசுக்குப் பிறகுதான் வந்தது. எனக்கு 14.

1953-ல் குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்து வயிற்றில் பை பொருத்தினார்கள். அந்தப் பையோடு 1954-ல் அமெரிக்க மகளிர் ஓபன் கோல்ஃப் போட்டியில் 12 அடிகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1956-ல், 45 வயதில் இறந்தார்.

இதையெல்லாம் நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டாங்க. சரின்னும் சொல்லல, விடுன்னும் சொல்லல. காலையில் என் ரெண்டு பனியனும் துவைத்துக் கொடியில் கிடந்தது.

— 9 'ஆ' பிரிவு மாணவி