தாமதமாகத் திறந்த பள்ளிக் கதவு: பேராயர் ஜோசப் ரம்மல்



அமெரிக்காவின் நிறவெறி வரலாற்றை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது ஒரு சிறுமியின் கதையைத் தவறாமல் சொல்கிறோம். 1960 நவம்பர் 14. லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், கூட்டாட்சி அரசின் காவலர்கள் சூழ, அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த அரசுப் பள்ளிக்குள் காலடி வைத்தாள். வெளியே நின்ற கூட்டம் கூச்சலிட்டது. வெள்ளையினப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டனர். அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதியும் ரூபி ஒரே ஓர் ஆசிரியையிடம் தனியாகவே பயின்றாள்.

இந்தக் கதையைக் கேட்கும் கூர்மையான பிள்ளை ஒன்று நம்மிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த ஊரில் கத்தோலிக்கப் பள்ளிகள் இல்லையா? அங்கே ரூபியைச் சேர்த்துக்கொண்டிருப்பார்களா? இருந்தன. நியூ ஆர்லியன்ஸ் கத்தோலிக்கர் நிறைந்த நகரம். ஆனால் வெள்ளையர் பிள்ளைகள் படித்த கத்தோலிக்கப் பள்ளிகளின் கதவும் அன்று அவளுக்கு மூடியே இருந்தது. அது திறக்க மேலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. ஏன் என்று பிள்ளைகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், அன்று அந்த உயர்மறைமாவட்டத்தை வழிநடத்திய பேராயர் ஜோசப் பிரான்சிஸ் ரம்மல் அவர்களின் வாழ்வை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ரம்மல் 1876 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் பாடன் பகுதியில் உள்ள ஸ்டைன்மாவெர்ன் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே பெற்றோருடன் கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். புலம்பெயர்ந்தவரின் பிள்ளையாக வளர்ந்த அவர், உரோமையில் இறையியல் பயின்று 1902ஆம் ஆண்டு அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நியூயார்க்கில் பங்குப்பணி ஆற்றிய பின், 1928இல் ஒமாகா மறைமாவட்டத்தின் ஆயரானார். 1935இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயரானார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு உதவ அமெரிக்க ஆயர்கள் அமைத்த குழுவுக்கும் தலைமை வகித்தார். இனவெறி எங்கே கொண்டுபோய்விடும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தம் பிறந்த நாட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

ஆனால் அவர் வந்து சேர்ந்த நகரிலும் ஒரு நோய் வேரூன்றியிருந்தது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இடங்கள் இருக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்ததே, நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் இரயிலில் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்ததால் எழுந்த வழக்கில்தான். கோவில்களும் அதற்கு விதிவிலக்கல்ல. கறுப்பின மக்கள் பின்வரிசைகளில் அமர்ந்தனர். வெள்ளையர் நற்கருணை வாங்கிய பிறகே அவர்கள் வாங்கினர். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் மக்களிடையே முந்தியவர், பிந்தியவர் என்ற வரிசை!

தொடக்கத்தில் ரம்மல் அந்த ஏற்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கறுப்பின மக்களுக்கென நல்ல பள்ளிகளைத் தனியாக எழுப்பினால் போதும் என்பதே அன்று பலருடைய எண்ணம். கறுப்பின இளைஞர்களுக்காக 1951இல் தொடங்கப்பெற்ற புனித அகுஸ்தினார் உயர்நிலைப் பள்ளி அந்த வழியில் வந்ததுதான். அதில் பயின்றோர் சிறப்பாகவே விளங்கினர். எனினும் தனிப்பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது தனி என்பதே அந்த மாணவனிடம் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது அல்லவா?

மெல்ல மெல்லப் பேராயரின் உள்ளம் மாறியது. 1948இல் தம் குருமடத்தில் கறுப்பின மாணவர் இருவரைச் சேர்த்துக்கொண்டார். 1949இல் நகரப் பூங்காவில் நடக்கவிருந்த நற்கருணை பக்தி முயற்சியில் இரு இனத்தாரும் சேர்ந்து பங்கேற்க நிர்வாகம் இடம் தராததால், அந்த நிகழ்ச்சியையே ரத்து செய்தார். 1951இல் கோவில்களில் இருந்த இனவாரி அறிவிப்புப் பலகைகளை அகற்றச் சொன்னார். 1953இல் சுற்றுமடல் எழுதி, ஆலயங்களில் எந்தப் பிரிவினையும் கூடாது என்று ஆணையிட்டார்.

1955 அக்டோபரில் ஜெசுயிட் பெண்ட் என்ற சிற்றூரில், திருப்பலி நிறைவேற்ற வந்த இறைவார்த்தை சபையின் கறுப்பினக் குரு ஒருவரை வெள்ளையர் சிலர் கோவிலுக்குள் விடாமல் திருப்பி அனுப்பினர். பேராயர் அந்தச் சிற்றாலயத்தில் திருப்பலியையே நிறுத்திவைத்தார். குருவை நிறம் பார்த்து விலக்குகிறவர்கள், அவர் கையிலிருந்து வரும் அருளடையாளத்தை மட்டும் எப்படி எதிர்பார்க்க முடியும்?

1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1956 பிப்ரவரியில் ரம்மல், இனப்பிரிவினையின் அறநெறி பற்றி மற்றொரு சுற்றுமடல் எழுதினார். மனித குலம் ஒன்றே, மீட்பும் எல்லாருக்கும் பொதுவே. ஆகவே பிரிவினை அறநெறிக்கு முரணானது, பாவமானது என்று தெளிவாக அறிவித்தார். கத்தோலிக்கப் பள்ளிகளிலும் அது முடிவுக்கு வரும் என்ற எண்ணத்தை வெளிப்படுத்தினார்.

எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு பிற மதத்தாரிடமிருந்து அல்ல, ஞாயிறு தவறாமல் திருப்பலி காணும் பொதுநிலையினரிடமிருந்தே பெரும்பாலும் வந்தது. பேராயர் இல்லத்தின் முன் சிலுவை ஒன்று எரிக்கப்பட்டது. பொதுநிலையினர் சிலர் சங்கம் அமைத்து, 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதருக்கே முறையிட்டனர். உரோமை அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பெற்றோர் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்களோ, காணிக்கை குறைந்துவிடுமோ, அரசு தரும் பாடநூலும் மதிய உணவும் நின்றுவிடுமோ என்ற அச்சங்கள் சூழ்ந்தன. பேராயர் பள்ளிகளின் காரியத்தை முதலில் ஓராண்டு தள்ளிவைத்தார். பிறகு மேலும் தள்ளிவைத்தார். ஆண்டுகள் கடந்தன. செயின்ட் லூயிஸ் உயர்மறைமாவட்டத்தில் பேராயர் ஜோசப் ரிட்டர் 1947லேயே தம் பள்ளிகளைத் திறந்துவிட்ட எடுத்துக்காட்டு அவர் கண்முன் இருந்தது. ஆயினும் தயங்கினார்.

இதற்கிடையில் கத்தோலிக்கரான கறுப்பின வழக்கறிஞர் ஏ. பி. டூரோ நீதிமன்றத்தில் விடாமல் போராடினார். அவர் முன்னின்று நடத்திய வழக்கின் பயனாகவே 1960இல் அரசுப் பள்ளிகளின் கதவு திறந்தது. நற்செய்தியை அறிவிக்கும் பள்ளிகள் அரசுப் பள்ளிகளுக்குப் பின்னால் நின்றன. இதைச் சொல்லும்போது நமக்கும் நெஞ்சு வலிக்கிறது.

1962 மார்ச் 27 அன்று அந்தக் காத்திருப்பு முடிந்தது. பேராயருக்கு அப்போது வயது 85. கீழே விழுந்து எலும்பு முறிந்து, நோயுற்றுத் தேறியிருந்தார்; கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. வரும் கல்வியாண்டு முதல் எல்லாக் கத்தோலிக்கப் பள்ளிகளும் எல்லா இனப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் என்று அறிவித்தார். அரசியல் செல்வாக்கு மிக்க லியாண்டர் பெரெஸ், திருச்சபைக்குக் காணிக்கை கொடுக்க வேண்டாம் என்று மக்களைத் தூண்டினார். பேராயர் எச்சரித்தார், பயனில்லை. புனித வாரத் திங்களன்று, ஏப்ரல் 16ஆம் நாள், பெரெசும் இன்னும் இருவரும் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கப்பட்டனர். (பெரெஸ் 1969இல் இறப்பதற்கு முன் திருச்சபையோடு ஒப்புரவானார் என்பது நமக்கு ஆறுதல்.)

1962 செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. அஞ்சியதுபோல் நகரம் பற்றி எரியவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளைகள் அமைதியாகவே வகுப்புக்குச் சென்றனர். பூராஸ் என்ற ஊரில் மட்டும் கடும் எதிர்ப்பு இருந்தது. கறுப்பினப் பிள்ளைகள் ஒரு சிலர் வந்ததற்காக வெள்ளையர் அந்தப் பள்ளியையே புறக்கணித்தனர். அடுத்த ஆண்டு அங்கே ஒரு வெடிவிபத்தும் நிகழ்த்தப்பட்டது. இதையெல்லாம் கண்ட முதிய பேராயர் 1964 நவம்பர் 8 அன்று தம் 88ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, இந்த வாழ்வை நம் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது? 1962ஐ மட்டும் சொல்லி, பேராயரை வீரராகக் காட்டி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. தாமதத்தை மட்டும் சொல்லித் திருச்சபையைப் பழிக்கலாம். அதுவும் பாதி உண்மையே. இரண்டையும் சேர்த்துச் சொல்வோம். 1956இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு கறுப்பினக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். பிரிவினை பாவம் என்று அதன் பேராயர் அந்த ஆண்டே அறிவித்துவிட்டார். கதவு திறந்தபோது அந்தக் குழந்தை ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டது. பெரியவர்களின் தயக்கத்திற்கான விலையை அந்தக் குழந்தைதான் கொடுத்தது.

திருச்சபையின் தவற்றைச் சொன்னால் பிள்ளைகளின் விசுவாசம் குன்றிவிடும் என்று சிலர் அஞ்சலாம். பேதுரு மறுதலித்ததை நற்செய்தியாளர்கள் மறைக்கவில்லை. அதனால் பேதுருவின் கண்ணீரும் நமக்குத் தெரிந்தது. மனந்திரும்புதல் என்றால் என்ன என்பதை ரம்மல் அவர்களின் நீண்ட, தடுமாறிய, ஆனால் பின்வாங்காத பயணம் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். தவறு என்று நம் மனச்சான்று எப்போதோ சொல்லிவிட்டும், மக்கள் என்ன சொல்வார்களோ, நன்கொடை நின்றுவிடுமோ என்று நம் பங்கில், நம் பள்ளியில், நம் வீட்டில் நாம் இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் காரியம் எது? யாருடைய பிள்ளை அதற்காகக் கதவுக்கு வெளியே காத்து நிற்கிறது?

காலம் தாழ்த்தாமல் கதவைத் திறக்கும் துணிவை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.