உயிரணுவின் நாணயத்தைக் கண்டவர்

உண்ட உணவு ஆற்றலாகிறது என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. அந்த ஆற்றல் எவ்வடிவில் உடலுக்குள் செலவாகிறது என்பதற்கு விடை காண உதவியவர்களுள் ஒருவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பதைப் படித்தவர்களிலும் பலர் அறியார். அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். உடன்பிறந்தோர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார். கொழுப்பையும் பிற சத்துகளையும் குடலால் உறிஞ்ச இயலாமல் போகும் நோய் அது. உண்டும் உடல் பட்டினி கிடக்கும். பின்னர் அவரையும் அது பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது உவக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பிறகு அமெரிக்கா சென்று, பிழைப்புக்கு மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து 1925-இல் பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டார். 1929-இல் ஏடிபி எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டறிந்தார்.

பொருளியல் பயிற்றுவித்த எனக்கு ஏடிபியை நாணயமாகக் காண்பதே எளிது. கொழுப்பு நீண்டகால வைப்புநிதி. ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி தருமெனில், கொழுப்பு 9 தரும். ஆனால் வைப்புநிதியைக் கொண்டு கடையில் பொருள் வாங்க முடியாது. பணமாக மாற்ற வேண்டும். கொழுப்பிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்கள் உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவுக்குள் சென்று, இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டப்பட்டு, உயிர்வளியின் துணையால் ஆற்றலை வெளியிடுகின்றன. 16 கார்பன் கொண்ட ஒரு பால்மிட்டிக் அமில மூலக்கூறு ஏறத்தாழ 106 ஏடிபி மூலக்கூறுகளை ஈட்டித் தருகிறது. உடலின் ஏடிபி கையிருப்பு மிகச் சிறிது. ஆயினும் ஒரே நாளில் கிட்டத்தட்ட நம் உடல் எடையளவுக்கு அது மீண்டும் மீண்டும் உருவாகிச் செலவாகிறது. பணச் சுழற்சி வேகத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். இவ்வழித்தடம் முழுவதையும் வரைந்தவர்கள் பிறர். நாணயத்தைக் கையிலெடுத்துக் காட்டியவர்களுள் சுப்பாராவ் ஒருவர்.

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பணி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அது ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் மருந்தாயிற்று. உடன்பிறந்தோரைக் கொண்டுசென்ற நோய்க்கு இவ்வாறு அவர் விடை கண்டார். யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் அரசு வழங்கும் டைஎதில்கார்பமசினும், புற்றுநோய்க்குப் பயன்படும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அந்த ஆய்வகத்தின் கொடைகளே. 1948-இல், 53-ஆம் வயதில், தாயகம் திரும்பாமலே மறைந்தார்.

நிறுவனங்கள் ஒருவரின் ஆடையையும் பிறப்பிடத்தையும் கணக்கில் கொண்டு, அறிவைக் கணக்கிலிருந்து விட்டுவிடும்போது இழப்பு அவருக்கு மட்டுமன்று. சென்னை தாழ்ந்த சான்றிதழைக் கொடுத்தது. அவர் உழைப்பின் பலனை வேறொரு நாடு பெற்றது. பின்னாளில் அஞ்சல்தலை வெளியிட்டு அந்தக் கடனைத் தீர்த்துவிட முடியாது. ஏடிபியைப் பற்றிய பாடம் நடத்தும் ஒவ்வொரு வகுப்பறையிலும் அவர் பெயர் சொல்லப்பட வேண்டும். இன்றைய மாணவரிடையே இருக்கும் சுப்பாராவ்களை நம் கல்லூரிகள் உரிய காலத்தில் அடையாளம் காண வேண்டும்; அதுவே உண்மையான கடனடைப்பு.